ரெஃபரன்ஸ் பட்டியல் மக்கர் செய்கிறதா? மருத்துவ ஆய்விதழுக்கு அனுப்பும் முன் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

வேர்டு கோப்பில், ஜோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளின் துணையோடு, மேற்கோள்களுக்கு வரிசை எண் இடும் வான்கூவர் முறையில் எழுதுபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. இதே வேலை செய்யும் இன்னொரு மென்பொருளான எண்ட்நோட் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம். உங்கள் கோப்பில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் முடிவது முதலிலும், அரை நாளை விழுங்குவது கடைசியிலும் இருக்கும்.

கை வைக்கும் முன்

கோப்பை நகலெடுத்து, பெயரோடு தேதியைச் சேர்த்துத் தனியே வையுங்கள். பிறகு வேர்டில் ஃபைல் > ஆப்ஷன்ஸ் > அட்வான்ஸ்டு போய், ‘ஃபீல்டு ஷேடிங்’ என்ற இடத்தில் ‘ஆல்வேஸ்’ தேர்ந்தெடுங்கள். உயிரோடு இருக்கும், அதாவது மென்பொருளோடு இணைந்திருக்கும் மேற்கோள் எண்கள் (வேர்டு இவற்றை ‘ஃபீல்டு’ என்கிறது) சாம்பல் பின்னணியில் தெரியும். வெள்ளையாக நிற்கும் எண், யாரோ கையால் தட்டியது அல்லது இணைப்பு அறுந்து போனது. பல கோளாறுகளுக்கு இந்த ஒரு பார்வையிலேயே காரணம் பிடிபட்டுவிடும்.

பட்டியலில் கண்ட பிழையைப் பட்டியலில் திருத்தாதீர்கள். ஒவ்வொரு ரெஃப்ரெஷுக்கும் மென்பொருள் அதைப் புதிதாக எழுதுகிறது. நீங்கள் கையால் போட்ட திருத்தம் அப்போதே அழியும். மென்பொருளின் லைப்ரரியில், அதாவது கட்டுரை விவரங்களைச் சேமித்த தொகுப்பில், உள்ள பதிவைத் திருத்திவிட்டு, வேர்டுக்கு வந்து ரெஃப்ரெஷ் அழுத்துங்கள். கீழே வரும் முக்கால்வாசிச் சிகிச்சை இதுதான்.

இதழின் வழிகாட்டிப் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். எல்சிவியர் இதழ்கள் பலவற்றில் முதல் சமர்ப்பிப்புக்கு எந்த முறையானாலும் சரி, கட்டுரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்றே எழுதியிருக்கும். அப்படியென்றால் கால்புள்ளி, முற்றுப்புள்ளி வேலையைக் கட்டுரை ஏற்கப்படும்வரை தள்ளிப்போடலாம். பெயர், ஆண்டு, பக்கம் போன்ற உண்மைப் பிழைகளைத் தள்ளிப்போட முடியாது.

அறிகுறி: எண்கள் வரிசை தாண்டுகின்றன (1, 2, 5, 3…)

*எண்ணுக்குக் கீழே விட்டுவிட்டு ஒரு கோடு தெரிந்தால்:* தானியங்கிப் புதுப்பித்தல் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஜோட்டெரோ தாவலில் ரெஃப்ரெஷ் அழுத்தினால் தீர்ந்தது. நீளமான கோப்பில் வேகத்துக்காக அதை நிறுத்தி வைப்பது நல்லதுதான். நிறுத்தியதை மறப்பதில்தான் வம்பு.

*இடையில் ஒரு எண் மட்டும் காணவில்லை என்றால்:* ட்ராக் சேஞ்சஸைச் சந்தேகப்படுங்கள். கைடு அடித்துவிட்ட மேற்கோள், நீக்கக் கோட்டோடு கோப்பிலேயே இருக்கிறது. ‘சிம்பிள் மார்க்கப்’ பார்வையில் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மென்பொருள் அதையும் சேர்த்து எண்ணுகிறது. ‘ஆல் மார்க்கப்’ பார்வைக்கு மாற்றி, நீக்கிய மேற்கோள்களை மட்டும் ‘அக்செப்ட்’ செய்து ரெஃப்ரெஷ் கொடுங்கள். மற்றத் திருத்தங்கள் அப்படியே இருக்கட்டும்.

*உடல் பகுதி 1இல் தொடங்காமல் 3இல் தொடங்கினால்:* கட்டுரைச் சுருக்கத்தில் (அப்ஸ்ட்ராக்ட்) மேற்கோள் போட்டிருக்கிறீர்கள். மருத்துவ இதழ்கள் சுருக்கத்தில் மேற்கோளை ஏற்பதில்லை. எடுத்துவிடுங்கள்.

*முன்பக்கத்திலேயே 1 தொடங்கிவிட்டால்:* பிஜி (முதுநிலை) ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. அட்டவணைத் தலைப்பில் மேற்கோள் போட்டிருப்பார்கள். வேர்டு தானாகத் தயாரிக்கும் ‘அட்டவணைகளின் பட்டியல்’ தலைப்போடு அந்த மேற்கோளையும் முன்பக்கத்துக்கு இழுத்துப் போயிருக்கும். தலைப்பிலிருந்து எடுத்து அட்டவணையின் அடிக்குறிப்பு வரிக்கு மாற்றுங்கள். பிறகு முன்பக்கப் பட்டியலைப் புதுப்பித்து, அதற்குப் பின் ரெஃப்ரெஷ்.

*அட்டவணையில் உள்ள எண்கள் மட்டும் தவறாக இருந்தால்:* இது நிதானமாகப் பார்க்க வேண்டியது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇ விதிப்படி, அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோள், அந்த அட்டவணை உரையில் முதன்முதலாகச் சொல்லப்படும் இடத்தின் வரிசையில் எண் பெற வேண்டும். உரையில் 18ஆம் மேற்கோளுக்குப் பின் ‘அட்டவணை 1’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குள் புதிதாக மூன்று கட்டுரைகள் இருக்கின்றன என்றால், அவை 19, 20, 21. ஆனால் அட்டவணையைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். மென்பொருளுக்குத் தெரிந்தது மேலிருந்து கீழே எண்ணுவது மட்டும். அது 34, 35, 36 என்று போடும்.

வேலை முடியும்வரை அட்டவணையை, அதைச் சொல்லும் பத்திக்கு நேர் கீழேயே வைத்திருங்கள். அனுப்பும் நாளில் கோப்பை நகலெடுத்து, நகலில் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ கொடுத்து எண்களை வெறும் எழுத்தாக்குங்கள். அதற்குப் பிறகு அட்டவணையை வெட்டிக் கடைசிப் பக்கத்துக்கோ தனிக் கோப்புக்கோ கொண்டு போங்கள். எண் அசையாது. வரிசையை மாற்றி, முதலில் வெட்டிவிட்டுப் பிறகு இணைப்பை அறுத்தால் பழைய கதைதான்.

*டெக்ஸ்ட் பாக்ஸ்* போட்டு அதற்குள் மேற்கோள் வைத்திருந்தாலும் வரிசை குலையும். பெட்டிதான் வேண்டுமென்றால் ஒற்றைக் கட்டம் கொண்ட அட்டவணையாகப் போடுங்கள், பார்வைக்கு ஒன்றுதான்.

*எதுவும் பிடிபடவில்லை என்றால்:* பாதியாக வெட்டிப் பாருங்கள். கோப்பின் முதல் பாதியைப் புதுக் கோப்பில் ஒட்டி ரெஃப்ரெஷ் கொடுங்கள். சரியாக வந்தால் கோளாறு அடுத்த பாதியில். அதையும் பாதியாக்குங்கள். ஆறேழு சுற்றில் கெட்டுப்போன அந்த ஒரு மேற்கோளிடம் வந்து நிற்பீர்கள். அதை நீக்கிப் புதிதாகச் செருகினால் போதும்.

அறிகுறி: எண் அசையவே இல்லை; பட்டியல் புதுப்பிக்கவில்லை

சாம்பல் பின்னணி இருந்தும் ஒரே ஒரு எண் மட்டும் உறைந்து நிற்கிறதா? யாரோ அந்த எண்ணைக் கையால் திருத்தியிருக்கிறார்கள். அடுத்த புதுப்பித்தலில் ஜோட்டெரோ ‘மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளவா?’ என்று கேட்டபோது ‘யெஸ்’ அழுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அது பூட்டிய பெட்டி. எண்ணின் மீது வைத்து ‘ஆட்/எடிட் சைட்டேஷன்’ அழுத்துங்கள், மாற்றம் போய்விடும் என்ற எச்சரிக்கைக்குச் சம்மதியுங்கள், என்டர் தட்டுங்கள்.

எல்லா எண்ணும் வெள்ளையாக இருந்தால், கோப்பு எந்த வழியாக வந்தது என்று விசாரியுங்கள். இணை ஆசிரியர் ஒருவர் கூகுள் டாக்ஸில் திறந்து, திருத்தி, மறுபடி வேர்டு கோப்பாக இறக்கி அனுப்பியிருப்பார். அந்தப் பயணத்தில் ஃபீல்டுகள் எல்லாம் செத்து வெறும் எழுத்தாகிவிடும். லிப்ரே ஆபீஸில் திறந்து சேமித்தாலும் இதே ஆபத்து உண்டு. மருந்து, மலிவானதிலிருந்து:

1. உடையாத கடைசி நகலை எடுங்கள். ரிவ்யூ > கம்பேர் மூலம் இரண்டையும் ஒப்பிட்டு, அவர் செய்த உரைத் திருத்தங்களை மட்டும் உயிருள்ள கோப்புக்குள் கொண்டு வாருங்கள். இருபது நிமிடம்.
2. உயிருள்ள கோப்பு இருக்கிறது, ஆனால் லைப்ரரி வேறொருவர் கணினியில் என்றால், ‘ரெஃபரன்ஸ் எக்ஸ்ட்ராக்டர்’ என்ற இலவச இணையக் கருவி கோப்புக்குள் பொதிந்திருக்கும் பதிவுகளை எடுத்துத் தரும். எண்ட்நோட்டில் இதே வேலைக்கு ‘எக்ஸ்போர்ட் டிராவலிங் லைப்ரரி’.
3. எல்லா நகலும் செத்தவை என்றால், பட்டியலை அப்படியே, டிஓஐ பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப்பின் ‘சிம்பிள் டெக்ஸ்ட் கொயரி’ பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் டிஓஐ, அதாவது கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண், கண்டுபிடித்துத் தரும். அந்த டிஓஐகளை ஜோட்டெரோவின் மந்திரக்கோல் பொத்தானில் கொடுத்தால் பதிவுகள் இறங்கும். பிறகு உரையில் ஒவ்வொரு எண்ணையும் நீக்கிப் புதிதாகச் செருக வேண்டும். நாற்பது மேற்கோள் உள்ள கட்டுரைக்கு அரை நாள் பிடிக்கும்.

இனி இப்படி ஆகாமலிருக்க: கூகுள் டாக்ஸுக்குப் போயே ஆகவேண்டும் என்றால், டாக்குமென்ட் பிரிஃபரன்சஸில் உள்ள ‘ஸ்விட்ச் வேர்டு பிராசசர்ஸ்’ வழியாகப் போங்கள். திரும்பும்போதும் அதே வாசல்தான்.

ஒரே கோப்பில் இரண்டு பட்டியல் வந்தால், ஒருவர் ஜோட்டெரோவிலும் இன்னொருவர் எண்ட்நோட்டிலோ மெண்டலியிலோ செருகியிருக்கிறார். ஒன்றின் எண் மற்றதற்குத் தெரியாது. இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒருவரைப் பொறுப்பாளர் ஆக்குங்கள்; மற்றவர்கள் மேற்கோள் வரவேண்டிய இடத்தில், மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட் தரும் எண்ணை மட்டும் கமென்ட்டில் போடட்டும்.

அறிகுறி: எண் இருந்த இடத்தில் குறியீட்டுக் குப்பை

சுருள் அடைப்புக்குள் ‘ஆட்இன் ஜோட்டெரோ’ என்று தொடங்கி அரைப் பக்கத்துக்கு நீளும் வரிகள் தெரிந்தால் பதற வேண்டாம். ஆல்ட் + எஃப்9 ஒருமுறை அழுத்துங்கள். விரல் தவறிப் பட்ட விசைதான் காரணம்.

எண்ட்நோட்டில் சுருள் அடைப்புக்குள் பெயர், ஆண்டு, பதிவு எண் மூன்றும் நின்றால் அது வடிவமைக்கப்படாத மேற்கோள். ‘அப்டேட் சைட்டேஷன்ஸ் அண்ட் பிப்ளியோகிராஃபி’ கொடுங்கள்.

‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று தடித்த எழுத்தில் வருகிறதா? ‘ரெஃபரன்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பலர் ஜோட்டெரோவைக் குடைவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘அட்டவணை 2 பார்க்க’ என்று வேர்டின் கிராஸ் ரெஃபரன்ஸ் மூலம் போட்ட இணைப்பு, அந்தத் தலைப்பை யாரோ நீக்கியதால் அறுந்திருக்கிறது. கன்ட்ரோல் + எஃப் அழுத்தி ‘எரர்!’ என்று தேடி, ஒவ்வொன்றையும் இன்சர்ட் > கிராஸ் ரெஃபரன்ஸ் வழியே புதிதாகப் போடுங்கள். இந்த வரி அச்சுப்படி வரை போய்ச் சிரிப்பாய்ச் சிரிப்பதுண்டு.

வேர்டில் ஒழுங்காகத் தெரிந்தது, சமர்ப்பிப்புத் தளம் உருவாக்கிய பிடிஎஃப்பில் மட்டும் குலைகிறது என்றால், இணைப்பு அறுத்த நகலை ஏற்றுங்கள். கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 என்ற குறுக்குவழி பொருளடக்கத்தையும் அட்டவணை இணைப்புகளையும் சேர்த்துக் கொல்லும். ஜோட்டெரோவின் அன்லிங்க் பொத்தான் மேற்கோளை மட்டும் தொடும். எண்ட்நோட்டில் ‘கன்வெர்ட் டு பிளெயின் டெக்ஸ்ட்’ தானே ஒரு புதுக் கோப்பைத் திறந்து தருகிறது. ஜோட்டெரோ அப்படி இல்லை, திறந்திருக்கும் கோப்பிலேயே கத்தியை வைக்கும். நகல் எடுத்த பிறகே அழுத்துங்கள்.

அறிகுறி: ஒரே கட்டுரைக்கு இரண்டு எண்

லைப்ரரியில் இரண்டு பதிவு இருக்கிறது. ‘டூப்ளிகேட் ஐட்டம்ஸ்’ தொகுப்பைத் திறந்து இரண்டையும் ‘மெர்ஜ்’ செய்து, வேர்டில் ரெஃப்ரெஷ். ஒன்றை டிலீட் செய்துவிட்டால் தீராது. நீக்கிய பதிவின் விவரம் வேர்டு கோப்புக்குள் பொதிந்தே இருக்கும். அந்த எண் தனியாகவே நிற்கும். மெர்ஜ் செய்தால் பழைய இணைப்பு புதிய பதிவைப் பற்றிக்கொள்ளும்.

மெர்ஜ் செய்ய எதுவுமே காட்டவில்லையா? ஒன்று உங்கள் சொந்த லைப்ரரியிலும் மற்றது குழு லைப்ரரியிலும் இருக்கும். இரண்டையும் ஜோட்டெரோ வெவ்வேறு பொருளாகவே பார்க்கிறது. உரையில் ஒரு வகையை நீக்கி, மற்ற லைப்ரரியிலிருந்து செருகுங்கள்.

முன்வெளியீடும் அச்சான கட்டுரையும் இரண்டு எண் பெற்றிருந்தால் அது மென்பொருள் கோளாறு அல்ல. மெட்ஆர்க்கைவ் என்ற முன்வெளியீட்டுத் தளத்தில் இருந்த பதிப்பு பின்னர் ஆய்விதழில் வந்திருக்கும். அச்சானதை வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். அச்சாகவில்லை என்றால் ‘பிரிபிரிண்ட்’ என்று பட்டியலில் தெரிய வேண்டும்.

அறிகுறி: ஆசிரியர் பெயர் தலைகீழாக வருகிறது

நம் ஊர்ப் பெயர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. ஆர். கார்த்திக் என்று ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வான்கூவர் பட்டியலில் ‘கார்த்திக் ஆர்’ என்று வர வேண்டும். உங்கள் பட்டியலில் ‘ஆர் கே’ என்று வந்து நிற்கும். இதழில் அவர் பெயர் ‘கார்த்திக் ஆர்’ என்று அச்சாகியிருக்கும். பெயரைப் பிரித்த இயந்திரம் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ‘ஆர்’ஐக் குடும்பப் பெயராகவும் கார்த்திக்கை முன்பெயராகவும் பதிந்துவிட்டது. முன்பெயரை வான்கூவர் முதலெழுத்தாகச் சுருக்கும், ஆகவே ‘ஆர் கே’. தேடினால் அந்த மனிதர் எங்கும் கிடைக்க மாட்டார்.

பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டி, குடும்பப் பெயர் ஓரெழுத்தாக இருக்கும் வரிகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஜோட்டெரோவில் அந்தப் பெயரின் பக்கத்தில் உள்ள மெனுவில் ‘ஸ்வாப் ஃபர்ஸ்ட்/லாஸ்ட் நேம்ஸ்’ இருக்கிறது, ஒரே சொடுக்கு. டிஓஐ வழியே இறக்கிய பதிவு தவறாக இருந்தால் பப்மெட் எண் வழியே இறக்கிப் பாருங்கள், சில சமயம் அது சரியாக இருக்கும். பப்மெட்டுக்கும் விவரம் பதிப்பகத்திலிருந்தே போகிறது, எனவே அதிலும் இதே பிழை இருக்கலாம். சந்தேகம் தீர ஒரே வழி, கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்பது.

பெயருக்குப் பின்னால் ‘எம்டி’, முன்னால் ‘டாக்டர்’ ஒட்டிக்கொண்டிருந்தால் பதிவிலேயே நீக்குங்கள். இல்லாவிட்டால் பட்டமும் முதலெழுத்தாகிவிடும்.

‘ஆர்கனைசேஷன் டபிள்யூஎச்’ என்று வந்திருப்பது உலக சுகாதார நிறுவனம். ஜோட்டெரோவில் பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றி முழுப் பெயரையும் இடுங்கள். எண்ட்நோட்டில் பெயரின் கடைசியில் ஒரு கால்புள்ளி வைக்க வேண்டும். அந்தக் கால்புள்ளிதான் ‘இதைப் பிரிக்காதே’ என்று அதற்குச் சொல்கிறது.

*‘எட் அல்’ (‘மற்றும் பிறர்’) தவறான இடத்தில் வந்தால்* பதிவில் பிழையில்லை, பட்டியலின் வடிவத்தை முடிவு செய்யும் ஸ்டைல் கோப்பில்தான். ஐசிஎம்ஜேஇ மாதிரியில் ஆறு பேர் வரை எழுதி, ஏழாவது ஆள் இருந்தால் எட் அல். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏஎம்ஏ முறையில் ஆறு பேர் வரை அனைவரும். ஏழு பேர் ஆகிவிட்டால் முதல் மூவரோடு நிறுத்தி எட் அல். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினும் மூவரோடு நிறுத்துகிறது. ‘வான்கூவர்தான்’ என்று எல்லா இதழும் சொல்லும். ஒவ்வொன்றும் ஒரு வான்கூவர். அதனால் முதலில் ஜோட்டெரோவின் ஸ்டைல் கிடங்கில் இதழின் பெயரிலேயே தேடுங்கள். பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

அதிலும் இல்லையென்றால் நெருங்கிய ஸ்டைலை ஸ்டைல் எடிட்டரில் திறந்து, ‘எட்-அல்-மின்’, ‘எட்-அல்-யூஸ்-ஃபர்ஸ்ட்’ என்ற இரண்டு எண்களை மாற்றுங்கள். முதலாவது, எத்தனை பேர் ஆனால் வெட்டுவது. இரண்டாவது, வெட்டினால் எத்தனை பேரை வைப்பது. 7, 6 என்றால் ஐசிஎம்ஜேஇ. 7, 3 என்றால் ஏஎம்ஏ. சேமிக்கும் முன் ஸ்டைலின் பெயரையும் ஐடியையும் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் கிடங்கிலிருந்து வரும் அடுத்த தானியங்கிப் புதுப்பிப்பு உங்கள் உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

அறிகுறி: இதழின் பெயர் முழுதாகவோ, தவறாகச் சுருங்கியோ வருகிறது

டாக்குமென்ட் பிரிஃபரன்சஸில் ‘யூஸ் மெட்லைன் ஜர்னல் அப்ரிவியேஷன்ஸ்’ என்ற பெட்டியைப் பாருங்கள். டிக் இருந்தால் மென்பொருள் தன் பட்டியலையே நம்பும், நீங்கள் பதிவில் எழுதிய சுருக்கத்தைக் கண்டுகொள்ளாது. டிக் எடுத்தால் பதிவின் ‘ஜர்னல் அப்ர்’ கட்டத்தைப் படிக்கும். அது காலியாக இருந்தால் முழுப் பெயரையே அச்சிடும். நாம் டிக் எடுத்துவிட்டு, பப்மெட்டிலிருந்து இறக்கிய சுருக்கத்தை நம்புவதையே சிபாரிசு செய்வோம்.

சரியான சுருக்கம் எது என்பதற்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாக்தான் கடைசித் தீர்ப்பு. ஊகித்தால் ஏமாறுவீர்கள். லான்செட் போன்ற ஒற்றைச் சொல் பெயர்கள் சுருங்காது. ‘ஜர்னல் ஆஃப் ஃபேமிலி மெடிசின் அண்ட் பிரைமரி கேர்’ என்பதில் ஜர்னல் ‘ஜே’ ஆகும், மெடிசின் ‘மெட்’ ஆகும், ஃபேமிலியும் கேரும் முழுதாகவே நிற்கும். பிஎம்ஜே 1988க்கு முன் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’. பழைய கட்டுரையைக் குறிப்பிடும்போது அன்றைய பெயரின் சுருக்கமே வரவேண்டும்.

அறிகுறி: தலைப்பில் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில்

பதிவில் தலைப்பை வலச் சொடுக்கி டிரான்ஸ்ஃபார்ம் டெக்ஸ்ட் > சென்டென்ஸ் கேஸ் (முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து). உடனே கண்ணால் ஒரு பார்வை: இந்தியா, சென்னை, எச்ஐவி, கோவிட் போன்றவற்றின் பெரிய எழுத்து சிறியதாகியிருக்கலாம். லைப்ரரியில் எப்போதும் சென்டென்ஸ் கேஸிலேயே வையுங்கள். பெரிய எழுத்து கேட்கும் இதழுக்கு ஸ்டைல் தானே மாற்றிக்கொள்ளும். எதிர்த்திசையில் அதற்கு மாற்றத் தெரியாது.

பாக்டீரியாப் பெயர் சாய்வெழுத்தில் வேண்டுமென்றால், பதிவின் தலைப்பில் அந்தச் சொற்களை எச்டிஎம்எல் சாய்வுக் குறியால் சுற்றுங்கள். வேர்டில் சாய்த்தால் நிற்காது.

அறிகுறி: எண் சரி, அது நிற்கும் விதம் தவறு

[4][5][6] என்று ஒட்டி நின்றால் மூன்று தடவை தனித்தனியாகச் செருகியிருக்கிறீர்கள். முதல் எண்ணில் ‘ஆட்/எடிட் சைட்டேஷன்’ திறந்து மற்ற இரண்டையும் அதே பெட்டிக்குள் சேர்த்து, தனியாக நிற்பவற்றை நீக்குங்கள். 4-6 என்று தானே சுருங்கும்.

மேலெழுத்தா, அடைப்புக்குறியா என்பதை ஸ்டைல் முடிவு செய்யும். கையால் மேலே தூக்காதீர்கள். ஆனால் எண் முற்றுப்புள்ளிக்கு முன்னா, பின்னா என்பது உங்கள் பொறுப்பு. ஏஎம்ஏ முறையில் கால்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் பின்னால். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால். மேலெழுத்து எண்ணுக்கு முன் இடைவெளி விடக் கூடாது.

அறிகுறி: தொகுதியோ பக்கமோ இல்லை, டிஓஐ திறக்கவில்லை

ஆன்லைனில் முந்தி வந்தபோது சேமித்த பதிவு அது. கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த ரெக்கவரி ஆய்வு 2020 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஆன்லைனில் வந்தது. அச்சு விவரம் 2021;384(8):693-704, அதாவது ஆண்டு, தொகுதி, அடைப்புக்குள் இதழ் எண், பக்கங்கள். 2020இல் சேமித்தவர்களிடம் ஆண்டே வேறாக இருக்கும். தொகுதி இல்லாத வரிகளை எல்லாம் பப்மெட்டில் மறுபடி தேடிப் பதிவைப் புதுப்பியுங்கள். இன்னும் அச்சாகவில்லை என்றால்தான் ‘இபப் அஹெட் ஆஃப் பிரிண்ட்’ (அச்சுக்கு முன் இணையத்தில்) என்று போடலாம்.

பக்கம் 1-10 என்று சந்தேகமாக இருந்தால், அது பிடிஎஃப்பின் உள்பக்க எண்ணாக இருக்கும். பல இதழ்களில் பக்கத்துக்குப் பதில் கட்டுரை எண்தான். காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகளுக்கு ‘சிடி’ என்று தொடங்கும் எண். அதைப் பேஜஸ் கட்டத்தில் இடுங்கள். 284-7 என்று சுருக்குவது ஐசிஎம்ஜேஇ வழக்கம், 284-287 என்று விரிப்பது ஏஎம்ஏ வழக்கம். பதிவில் முழு எண்ணை வைத்துச் சுருக்குவதை ஸ்டைலிடம் விடுங்கள்.

டிஓஐ கட்டத்தில் 10 என்று தொடங்கும் பகுதி மட்டும் இருக்கட்டும். முழு இணைய முகவரியை ஒட்டினால் பட்டியலில் முகவரி இரட்டித்துவிடலாம். நகலெடுக்கும்போது வால் பக்கம் ஒரு முற்றுப்புள்ளி சேர்ந்து வந்தாலும் இணைப்பு திறக்காது.

அறிகுறி: கட்டுரை எங்குமே கிடைக்கவில்லை

டிஓஐயின் வடிவம் சரிதான், ஆனால் அது வேறு கட்டுரைக்குப் போகிறது அல்லது எங்கும் போகவில்லை. முதலில் எழுத்துப் பிழையைச் சந்தேகியுங்கள்: பப்மெட்டின் ‘சிங்கிள் சைட்டேஷன் மேட்சர்’ பக்கத்தில் இதழ், தொகுதி, முதல் பக்கம் மூன்றை மட்டும் இட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள்.

இரண்டிலும் இல்லை என்றால் அது செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவி புனைந்த வரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட வரி பார்க்க லட்சணமாக இருக்கும்: ஆசிரியர் அந்தத் துறையில் இருப்பவர், இதழும் உண்மை, தலைப்பும் நம்பும்படி. ஆண்டையும் தொகுதியையும் ஒட்டிப் பார்த்தால் சாயம் வெளுக்கும். நியூ இங்கிலாந்து ஜர்னலுக்கு ஆண்டுக்கு இரண்டு தொகுதி. 2018க்கு 378, 379. ‘2018;384’ என்று ஒரு வரி இருந்தால் மேற்கொண்டு தேடவே வேண்டாம்.

இங்கே வடிவத் திருத்தம் எடுபடாது. ஏறக்குறைய அதே தலைப்பில் இன்னொரு கட்டுரையைப் பிடித்து அந்த இடத்தில் செருகாதீர்கள். உரையில் அந்த வாக்கியத்துக்குப் போய், அந்தக் கூற்றுக்கு உண்மையில் ஆதாரம் இருக்கிறதா என்று முதலிலிருந்து தேடுங்கள். இல்லையென்றால் வாக்கியமும் போகட்டும். ஒரு வரி இப்படி அகப்பட்டால், அதைத் தந்தவர் தந்த எல்லா வரிகளையும் சோதியுங்கள்.

அறிகுறி: ஜோட்டெரோவில் பதிவின் மேல் சிவப்புப் பட்டை

கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி லான்செட்டில் 2020 மே 22 அன்று வந்த கட்டுரை ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது; இடைப்பட்ட இரண்டு வாரத்தில் சேமித்தவர்கள் லைப்ரரியில் அது சாதாரணக் கட்டுரையாகவே உட்கார்ந்திருக்கும். ஜோட்டெரோ எச்சரிக்கும், எல்லா மென்பொருளும் எச்சரிக்கும் என்று சொல்ல முடியாது. பப்மெட்டில் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே உறுதி. முதலில் அனுப்பும்போது ஒருமுறை, திருத்திய படியை அனுப்பும்போது இன்னொருமுறை. நடுவில் ஆறு மாதம் ஓடியிருக்கும்.

திரும்பப் பெற்றதைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்றால் குறிப்பிடலாம், ஆனால் ‘ரிட்ராக்டட்’ என்பது பட்டியலில் தெரிய வேண்டும். மற்ற எந்தக் காரணத்துக்கும் எடுத்துவிடுங்கள்.

எப்போது அடுத்தவரிடம் கொடுப்பது

பதிவு கிடைக்கவில்லை, பழைய இதழின் பக்கம் தெரியவில்லை, சுருக்கம் குழப்புகிறது என்றால் மருத்துவக் கல்லூரி நூலகர். காசு கேட்காத ஆள், பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதழின் வழிகாட்டி ஒன்று சொல்கிறது, அதே இதழின் புதிய கட்டுரைகள் வேறு மாதிரி இருக்கின்றன என்றால் இதழ் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல்.

எல்லா நகலும் செத்து, மேற்கோள் நூறைத் தாண்டி, கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் மருத்துவக் கட்டுரை அறிந்த காப்பி எடிட்டர். பேசும்போதே இரண்டைக் கேட்டுவிடுங்கள்: கட்டணம் மேற்கோளுக்கா, மணிக்கா? திருப்பித் தரும் கோப்பு உயிருள்ளதா, வெறும் எழுத்தா? வெறும் எழுத்தாக வாங்கினால், விமர்சகர் கேட்டு ஒரே ஒரு கட்டுரையை நடுவில் சேர்க்கும் நாளில் மறுபடி அவரிடமே போய் நிற்பீர்கள்.

அச்சுப்படியில் கேள்வி வந்தால்

‘14ஆம் ரெஃபரன்ஸ் உரையில் இல்லை’ என்பது வழக்கமான கேள்வி. பெரும்பாலும் கடைசி நேரத்தில் உரையிலிருந்து ஒரு வாக்கியத்தை வெட்டி, இணைப்பு அறுத்த நகலில் பட்டியலைப் புதுப்பிக்காமல் விட்டதுதான் காரணம். உயிருள்ள கோப்பில் 14 எங்கே இருந்தது என்று பாருங்கள். இடம் இருக்கிறது என்றால், எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல்லுக்குப் பின் என்று எழுதுங்கள். இடம் இல்லையென்றால் ‘14ஐ நீக்கி, 15 முதல் எண்களை உரையிலும் அட்டவணையிலும் ஒன்று குறைக்கவும்’ என்று ஒரே வரியில் பதில் போடுங்கள். பிடிஎஃப்பில் ஒவ்வொரு எண்ணாக நீங்களே அடித்துத் திருத்த உட்காராதீர்கள். ஒன்றைத் தவறவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லாமே வேறு கட்டுரையைச் சுட்டும்.